பூட்டுச் செய்த வக்கீல்

குளுவாங்கிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் கடை வைத்து நடத்தும் நம் வியாபாரிகளுக்குப் பூட்டின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பலகை அடுக்கிக் கடையடைத்த காலத்திலும் சரி, இரும்புக் கதவை இழுத்துவிடும் இந்தக் காலத்திலும் சரி, பூட்டை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் மனம் வீட்டை நோக்கித் திரும்பும். கல்லாப் பணம் மட்டுமா உள்ளே இருக்கிறது? கடன் நோட்டும், ஊருக்கு அனுப்ப வேண்டிய வெள்ளியும், பிறர் நம்பிக் கொடுத்துவைத்த அமானிதமும் அங்கேதான் இருக்கின்றன.

பூட்டு என்றாலும் இரும்புப் பெட்டி என்றாலும் நம்மவர் வாயில் வரும் பெயர்களுள் ஒன்று கோத்ரெஜ். தமிழ்நாட்டிலோ, எந்தக் கம்பெனி செய்த எஃகு அலமாரியாக இருந்தாலும் அதைக் கோத்ரெஜ் பீரோ என்று சொல்லிவிடுவார்கள். அது ஒரு குடும்பத்தின் பெயர் என்பதும், அந்தப் பெயரை நிலைநாட்டியவர் முதலில் ஒரு வக்கீல் என்பதும் பலர் அறியாதவை.

அர்தேஷிர் கோத்ரெஜ் 1868ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். பாட்டனார் சோராப்ஜியும் தகப்பனார் பர்ஜோர்ஜியும் நிலம், வீடு வாங்கி விற்கும் தொழிலில் வசதியாக இருந்தவர்கள். 1871இல் தகப்பனார்தான் குடும்பப் பெயரைக் கோத்ரெஜ் என்று மாற்றி வைத்தார். அர்தேஷிர் சட்டம் படித்தார். 1890இல் கல்யாணம் நடந்தது. மறு ஆண்டே அவர் மனைவி பச்சுபாய், பம்பாய் ராஜபாய் கோபுரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அர்தேஷிர் மறுமணம் செய்துகொள்ளவில்லை; பிள்ளைகளும் இல்லை.

1894இல் ஒரு வழக்கை நடத்த அவர் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவுக்கு அனுப்பப்பட்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கையில், தம் கட்சிக்காரருக்காக உண்மையை வளைத்துப் பேச வேண்டிய நிலை வந்துவிட்டதாக அவருக்குப் பட்டது. முடியாது என்று நின்றுவிட்டார். எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தும் அவர் அசையவில்லை. கடைசியில் வேறு வக்கீலை வைத்துக்கொண்டு இவரைத் திருப்பி அனுப்பினார்கள். வக்கீல் தொழில் அத்தோடு முடிந்தது.

பம்பாய்க்குத் திரும்பியவர் ஒரு மருந்துக் கடையில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே வைத்தியர்கள் வாங்கும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் சீமைச் சரக்காகவே வருவதைக் கண்டு, இவற்றை நாமே செய்தால் என்ன என்று நினைத்தார். தகப்பனாரின் நண்பரும் பெரிய தனவந்தருமான மெர்வான்ஜி காமாவிடம் கடன் வாங்கிச் செய்தும் காட்டினார். சாமான்கள் நன்றாகவே அமைந்தன. கடை முதலாளிக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார்: இந்தியாவில் செய்தது என்ற முத்திரை அதில் இருக்கக் கூடாது, இருந்தால் ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்றார். முத்திரை இல்லாமல் கொடுக்கமாட்டேன் என்றார் அர்தேஷிர். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. வியாபாரம் முளையிலேயே கருகியது.

நம் கணக்குப்படி பார்த்தால் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். கையில் இருப்பதோ கடன் வாங்கிய பணம். வந்திருப்பதோ முதல் ஆர்டர். சரக்கிலும் குறை இல்லை. ஒரு சிறு முத்திரையை அடிக்காமல் விட்டால் என்ன குடி முழுகிவிடும்? முதலாளி சொன்னதிலும் வியாபார நியாயம் இல்லாமல் இல்லை. உள்ளூர்ச் சரக்கு என்றால் முகம் சுளிக்கும் வாடிக்கையாளரை நாமும் பார்த்ததுண்டு. ஆனால், தன் சரக்கு எங்கே செய்தது என்பதை மறைத்து விற்பவன், அந்தச் சரக்கை எத்தனை நன்றாகச் செய்தாலும் தனக்கென்று ஒரு பெயரைச் சம்பாதிக்க முடியாது. அர்தேஷிர் விற்பனையை விட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதன் பிறகுதான் பூட்டு வந்தது. பம்பாயில் திருட்டு பெருகிவிட்டது என்ற பத்திரிகைச் செய்தி அவர் கண்ணில் பட்டது. மறுபடியும் காமாவிடம் போய் நின்றார். முதல் கடன் போன வழி தெரிந்திருந்தும் காமா மறுபடி கொடுத்தார். 1897ஆம் ஆண்டு மே மாதம் பம்பாய் லால்பாக் பகுதியில் ஒரு சிறு கொட்டகையில், விரல்விட்டு எண்ணக்கூடிய தொழிலாளிகளோடு வேலை தொடங்கிற்று. பின்னால் காமாவின் உறவினரான பாய்ஸ் என்பவர் பங்காளியாகச் சேர்ந்தார். அவர் சீக்கிரமே விலகிக்கொண்டாலும் கோத்ரெஜ் அண்டு பாய்ஸ் என்று கம்பெனியின் பெயரில் அவர் பெயர் தங்கிவிட்டது.

பூட்டு பார்வைக்குச் சாதாரணச் சாமான்தான். உள்ளே பல தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். சாவி ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய அளவுக்குச் சரியாக உயர்த்தினால்தான் தாழ் நகரும். அந்தத் தகடுகளைப் பழைய நிலைக்குத் தள்ளுவது சிறு கம்பிவில். வில் துருப்பிடித்தாலோ ஒடிந்தாலோ பூட்டு மக்கர் செய்யும். மழையும் ஈரமும் ஓயாத நம் ஜோகூரில் இதை அறியாதவர் யார்? வில்லே இல்லாமல் இயங்கும் பூட்டை அர்தேஷிர் செய்தார். 1909இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

வேறு இரு வகைகளும் உண்டு. ஒன்றில், கள்ளச் சாவி போட்டுத் திருப்பிப் பார்த்தால் உள்ளே ஒரு தாழ் விழுந்துவிடும். மறுநாள் சொந்தக்காரர் தம் சாவியை நுழைக்கும்போதே யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மற்றொன்றுக்கு இரண்டு சாவிகள். முதல் சாவி தொலைந்தாலோ, அதைப் பார்த்து யாரேனும் போலிச் சாவி செய்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலோ, இரண்டாம் சாவியால் பூட்டின் உள்ளமைப்பையே மாற்றிவிடலாம். பிறகு முதல் சாவி செல்லாது. கணக்கப்பிள்ளை கையில் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்வரும் முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்!

பூட்டுக்குப் பின் இரும்புப் பெட்டி. பெட்டியின் பலவீனமெல்லாம் தகடுகள் சேரும் மூலைகளில்தான் என்பதைக் கண்ட அவர், ஒரே தகட்டைப் பதினாறு இடங்களில் மடித்து, இணைப்புகளைக் குறைத்துப் பெட்டி செய்தார். திருடனுக்கு மட்டுமல்ல, தீக்கும் தாங்க வேண்டும் என்பது அவர் நோக்கம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துப் பல கிடங்குகள் எரிந்தபோது, சாம்பலுக்குள்ளிருந்து எடுத்த கோத்ரெஜ் பெட்டிகளில் காகிதங்கள் கருகாமல் இருந்தன. அதைக் காண அர்தேஷிர் இல்லை.

அவர் சுதேசிப் பற்று மிகுந்தவர். 1921இல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு மூன்று இலட்சம் ரூபாய் கொடுத்தார். ஆயினும் சுதேசி என்ற பெயரால் மட்டமான சரக்கைக் கூடுதல் விலைக்கு ஜனங்கள் தலையில் கட்டுவதை அவர் ஒப்பவில்லை. இதில் காந்தியடிகளோடும் அவருக்குக் கருத்து வேற்றுமை இருந்தது. நம் நாட்டுச் சரக்கென்று மறைக்காமல் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு அது சீமைச் சரக்கைவிட நன்றாக இருக்க வேண்டும் என்பது அவர் வழி. மிருகக் கொழுப்பு கலந்த சோப்புகளே மிகுந்திருந்த காலத்தில், தாவர எண்ணெயில் சோப்புச் செய்து சாவி என்று பொருள்படும் பெயரில் விற்றார். இரண்டாம் நம்பர் சோப்பை முதலில் இறக்கி, அது பிடித்துப்போன பின் முதல் நம்பரை இறக்கினார் என்பார்கள். நேர்மையான மனிதர்தான், வியாபாரம் தெரியாத மனிதர் அல்லர்.

1928இல் தொழிலைத் தம்பி பிரோஜ்ஷாவிடம் ஒப்படைத்துவிட்டு நாசிக் பக்கம் விவசாயம் பார்க்கப் போனார். அதில் வெற்றி கிட்டவில்லை. 1936 ஜனவரியில் காலமானார்.

பிரோஜ்ஷாவின் பிள்ளைகள் சோராப், பர்ஜோர், நவல் ஆகியோர். முதலிருவர் பெயரில் பாட்டனும் பூட்டனும் இருப்பதைக் கவனிக்கலாம். பிரோஜ்ஷா விக்ரோலியில் பெரும் நிலம் வாங்கி, ஆலையோடு தொழிலாளருக்கு வீடுகளும் பள்ளியும் கட்டினார். இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு இலட்சக்கணக்கான வாக்குப் பெட்டிகள் அங்கே செய்யப்பட்டன. 1955இல் தட்டெழுத்து இயந்திரமும் வந்தது.

பேரன்மார் காலத்தில், 2024இல், குடும்பம் சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்டது. கோர்ட்டுக்குப் போகாமல் பேசி முடித்தார்கள். பர்ஜோரின் மக்களான ஆதியும் நாதிரும் சோப்புக் கம்பெனி உள்ளிட்டவற்றை எடுத்துக்கொண்டனர். பூட்டும் இரும்புப் பெட்டியும் செய்யும் பழைய கம்பெனி நவலின் மகன் ஜம்ஷித் தரப்புக்கு வந்தது. பெயரை மட்டும் அவர்கள் பிரிக்கவில்லை. கோத்ரெஜ் என்ற பெயரை இரு தரப்பாரும் வைத்துக்கொள்வதென்று எழுதிக் கையொப்பமிட்டார்கள்.