ஒற்றைக் குறிக்கோளும் பல்துறைப் பணியும்: சீகன்பால்குவின் வாழ்வியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தரங்கம்பாடியில் 1706 முதல் 1719 வரை பணியாற்றிய லுத்தரன் மறைப்பணியாளர் பர்த்தலோமேயு சீகன்பால்குவின் வாழ்வை, அவர் தமக்கென வகுத்துக்கொண்ட குறிக்கோளை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அவருடைய மொழிக்கல்வியும் சுவடித் தொகுப்பும் அச்சுப்பணியும் கல்விப்பணியும் சமயப்பணியிலிருந்து விலகிய தனி முயற்சிகள் அல்ல. ஒரே குறிக்கோளின் கிளைகளே என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சீகன்பால்கு, தரங்கம்பாடி, பக்திநெறி இயக்கம், அச்சுப்பண்பாடு, சுவடித் தொகுப்பு.

முன்னுரை

சீகன்பால்குவைத் திருச்சபை வரலாறு மறைப்பணியாளராகவும், தமிழியல் வரலாறு அச்சுத்துறை முன்னோடியாகவும் காண்கின்றன. இவ்விரு பார்வைகளும் ஒருவரையே இரு கூறாக்கிவிடுகின்றன. சமயப்பணிக்கு வந்தவர் ஏன் தமிழ்ச் சுவடிகளைத் தேடினார் என்னும் வினாவிற்கு விடை காண, அவருடைய வாழ்வை முழுமையாக நோக்குதல் வேண்டும்.

இளமையும் ஹாலே நகரத் தாக்கமும்

சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியைச் சேர்ந்த புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். இறக்கும் தறுவாயில் விவிலியத்தையே செல்வமாகக் கொள்ளுமாறு தாய் கூறிச்சென்றதை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. அடிக்கடி நோயுற்றமையால் கல்வி இடையிடையே தடைபட்டது. எனினும் ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயின் தொடர்பு அவருக்குக் கிட்டியது.

பக்திநெறி இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான பிராங்கே, இறைநம்பிக்கை அன்றாடச் செயலில் வெளிப்பட வேண்டும் எனக் கருதியவர். ஆதரவற்றோர் இல்லம், பள்ளிகள், அச்சகம் ஆகியவற்றை அவர் ஒரே வளாகத்தில் நடத்தினார். பின்னாளில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு உருவாக்கிய அமைப்புகளுக்கு இதுவே முன்மாதிரி எனக் கருதலாம். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, ஹென்றி புளுட்சோவுடன் 1706 ஜூலை 9ஆம் நாள் அவர் தரங்கம்பாடியை வந்தடைந்தார்.

மொழிக்கல்வியில் ஒழுங்கு

திண்ணைப்பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகியதிலிருந்து அவருடைய தமிழ்க்கல்வி தொடங்கியது. பின்னர் அவர் வகுத்துக்கொண்ட நாள்முறை குறிப்பிடத்தக்கது. காலை 7 மணிக்குச் சொற்களையும் தொடர்களையும் மனப்பாடம் செய்தல், 8 முதல் 12 வரை புலவர் ஒருவரின் துணையுடன் நூல் பயிலுதல், பிற்பகலில் மீண்டும் பயிற்சி, இரவில் பிறர் படிக்கக் கேட்டல் என நேரம் பகுக்கப்பட்டிருந்தது. ஆர்வத்தைக் காலஒழுங்காக மாற்றிய இம்முறையே குறுகிய காலத்தில் அவருக்குத் தமிழில் பேசவும் எழுதவும் ஆற்றல் அளித்தது.

இக்கல்வி அவரையும் மாற்றியது. ஐரோப்பியரிடையே நிலவிய, தமிழர் நாகரிகமற்றவர் என்னும் எண்ணத்தோடு வந்தவர், நீதிநூல்களைப் பயின்றபின் அக்கருத்தைக் கைவிட்டார். 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அதே ஆண்டில் தாம் தொகுத்த சுவடிகளுக்கு விளக்க அட்டவணையும் அமைத்தார். அதில் இடம்பெறும் 119 தமிழ்ச் சமய, இலக்கிய, இலக்கண நூல்களின் குறிப்புகள், அக்காலத்துத் தமிழ்க் கற்றல் மரபை அறிய உதவும் அரிய சான்றாகும்.

சிறையும் அச்சும்

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே, கைம்பெண் ஒருவரின் கடன் வழக்கில் அவருக்காகப் பரிந்து பேசியதால் கோட்டைத் தலைவர் ஹாசியஸின் சினத்திற்கு ஆளாகி நான்கு மாதம் சிறைப்பட்டார். விடுதலைக்குப்பின் விட்ட இடத்திலிருந்தே பணியைத் தொடர்ந்து 1711இல் நிறைவு செய்தார்.

இலண்டனிலிருந்து கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அனுப்பிய அச்சுப்பொறி 1712இலும், ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இலும் வந்தன. அவ்வெழுத்துகள் பெரியனவாக இருந்து தாளை மிகுதியாக விழுங்கியமையால், சிறிய எழுத்துகள் பொறையாற்றில் வார்க்கப்பட்டன. தாள் தட்டுப்பாட்டைப் போக்கக் காகிதப் பட்டறையும் நிறுவப்பட்டது. புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சிடப்பட்டதால் தமிழில் அச்சைத் தொடங்கியவர் சீகன்பால்கு அல்லர். அச்சை எழுத்து, தாள், பள்ளி ஆகியவற்றோடு இணைத்துத் தொடர்பணியாக்கியதே அவருடைய தனித்தன்மை.

குறிக்கோள் பற்றிய முரண்

இப்பல்துறைப் பணி இரு திசைகளிலிருந்து எதிர்ப்பைச் சந்தித்தது. 1713இல் அவர் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றிய நூலை வெளியிட ஹாலே முன்வரவில்லை. பிற சமயத்தை ஐரோப்பாவில் பரப்புவது மறைப்பணியாளரின் வேலையன்று எனப் பிராங்கே கருதினார். அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று. மறுபுறம், கோபன்ஹேகன் மறைப்பணி வாரியச் செயலாளர் கிறிஸ்டியன் வெண்ட், திருத்தூதர்களைப் போல எளிமையாகப் போதிப்பதே மறைப்பணி என்றும், கட்டடங்களுக்கும் நிறுவனங்களுக்கும் செலவிடுவது வழிவிலகல் என்றும் கடிந்து எழுதினார்.

இருவர் பார்வையிலும் குறிக்கோள் என்பது பிறவற்றை விலக்குவதாகும். சீகன்பால்குவின் பார்வை வேறு. கேட்போரின் மொழியையும் நூல்களையும் அறியாமல் அவர்களிடம் பேச இயலாது. படிக்கத் தெரியாதவருக்கு அச்சிட்ட நூலால் பயனில்லை. ஆதலின் பெண்குழந்தைகளுக்கும் பள்ளி தேவை. இவ்வாறு ஒவ்வொரு பணியும் அடுத்த பணியை வேண்டி நின்றது.

எனினும் இந்நோக்கின் எல்லையையும் சுட்ட வேண்டும். தமிழ்ச் சமய நூல்களை அவர் கற்றது அவற்றோடு வாதிடுவதற்காகவும்தான்; தம் சமயமே உண்மை என்னும் உறுதி இறுதிவரை தளரவில்லை. அவர்தம் தரங்கம்பாடி மரபின் தமிழ்நடையை வீரமாமுனிவர் கடுமையாகக் குறைகூறினார். ஆயினும் வாதிடுவதற்கு முன் எதிர்த்தரப்பை அதன் நூல்வழியே அறிய வேண்டும் என்ற நேர்மை, அவர் தேடிய பயனையும் கடந்து தமிழியலுக்குச் சான்றுகளை விட்டுச் சென்றது.

முடிவுரை

1714 அக்டோபரில் ஐரோப்பா சென்று 1716 ஆகஸ்டில் திரும்பிய இடைவெளியை நீக்கினால், சீகன்பால்கு தமிழகத்தில் பணியாற்றிய காலம் பதினோர் ஆண்டுகளுக்கும் குறைவே. அப்பயணத்தின்போதும் 1716இல் அவருடைய தமிழ் இலக்கணம் இலத்தீன் மொழியில் ஹாலேயில் அச்சாயிற்று. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. வெண்ட்டின் கண்டனங்களால் மனம் நொந்தும் உடல் நலிந்தும் இருந்த அவர், 1719 பிப்ரவரி 23ஆம் நாள் தம் 36ஆம் வயதில் மறைந்து அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரையே அவர் பெயர்த்திருந்தார். எஞ்சியதை பெஞ்சமின் சூல்ச் நிறைவு செய்தார்.

குறிக்கோளுடைய வாழ்வு குறுகிய வாழ்வாக இருக்க வேண்டியதில்லை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. கிறித்தவ மரபில் வாழ்நாள் என்பது இறைவன் ஒப்படைத்த பொறுப்பு. அதற்குக் கணக்கு ஒப்புவித்தல் கடமை. அப்பொறுப்பைச் சீகன்பால்கு தாம் முடித்தவற்றைக் கொண்டு மட்டும் நிறைவேற்றவில்லை. பிறர் தொடரத்தக்க வகையில் விட்டுச் சென்றவற்றாலும் நிறைவேற்றினார். அவர் சமயப்பணியையும் தமிழ்ப்பணியையும் பிரிக்காமல் ஒருங்கே ஆராய்வது, தரங்கம்பாடி மரபில் பின்வந்தோரை மதிப்பிடவும் துணைபுரியும்.