கிரேவ்ஸ்னா கல்லறை இல்லீங்க... ஒரு டாக்டரோட பேரு! தைராய்டு நோய்க்குப் பெயர் தந்த ராபர்ட் கிரேவ்ஸ் யார்?

கம்பம் பள்ளத்தாக்கின் ஜிலுஜிலு காற்றிலும் சிலருக்கு வேர்த்துக் கொட்டும். நல்லா சாப்பிட்டும் எடை குறையும். சும்மா உட்கார்ந்திருந்தாலே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். வீட்டில் எல்லாரும் டென்ஷன் என்பார்கள். ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் சீட்டில் எழுதுவது கிரேவ்ஸ் நோய் என்று இருக்கலாம். பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். அது ஒரு மனிதரின் பெயர்.

உளவாளி என்று பிடிபட்டவர்

ராபர்ட் ஜேம்ஸ் கிரேவ்ஸ், அயர்லாந்தின் டப்ளினில் 1796-ல் பிறந்தார். 1818-ல் மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டு ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்பினார். ஆஸ்திரியாவில் பாஸ்போர்ட் இல்லாமல் சிக்கினார். ஜெர்மன் மொழியை அவ்வளவு சரளமாகப் பேசியதால், உளவாளி என்று சந்தேகப்பட்டு சுமார் 10 நாள் சிறையில் வைத்துவிட்டார்கள்!

வார்டுக்கு வந்த வகுப்பு

1821-ல் டப்ளின் மீத் மருத்துவமனையில் சேர்ந்தார். மாணவர்களை நோயாளியின் கட்டிலருகே நிறுத்திப் பாடம் நடத்தினார். இன்று தேனி அரசு மருத்துவக் கல்லூரி வரை எல்லா இடத்திலும் இருக்கும் முறைதான் இது. காய்ச்சலுக்குப் பட்டினிதான் மருந்து என்று நம்மூர் பாட்டிகள் போலவே அன்றைய டாக்டர்களும் நம்பினார்கள். கிரேவ்ஸ் காய்ச்சல்காரர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார்.

1835-ல் என்ன நடந்தது?

நெஞ்சுப் படபடப்போடு வந்த மூன்று பெண்களுக்கு கழுத்தும் வீங்கியிருப்பதைக் கவனித்தார். இன்னொரு பெண்ணுக்குத் தூங்கும்போதுகூட இமை மூடாத அளவுக்குக் கண்கள் பிதுங்கியிருந்தன. தனித்தனியாகத் தெரிந்த இந்தத் தொல்லைகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார். இங்கிலாந்தின் கேலப் பாரி இதை முன்பே குறித்திருந்தார். ஜெர்மனியின் பாசிடோ 1840-ல் எழுதினார். ஆனாலும் பிரெஞ்சு மருத்துவர் ட்ரூசோ முன்மொழிந்த கிரேவ்ஸ் பெயரே ஆங்கில மருத்துவத்தில் நிலைத்தது.

காரணம் என்ன?

கிரேவ்ஸுக்கே அது தெரியாது. 1853-ல், 56 வயதில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். அதற்குப் பிறகு நூறு ஆண்டு கழித்து, 1956-ல் நியூசிலாந்து ஆய்வாளர்கள்தான் முதல் துப்பைக் கண்டுபிடித்தார்கள். வயலுக்குத் தேவையான அளவு பார்த்து மடையைத் திறந்து மூடுகிற மாதிரி, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைக் கட்டுப்படுத்துகிறது. இந்த நோயில், நம் எதிர்ப்பு சக்தியே தவறாக உருவாக்கும் ஆன்டிபாடி அந்த மடையைத் திறந்துவிட்டு மூடாமல் போகிறது. ஹார்மோன் பாய்ந்துகொண்டே இருக்கும். ஆக, இது அயோடின் உப்பு குறைந்ததால் வரும் கழுத்துக்கழலை இல்லை.

இப்போ என்ன செய்யணும்?

பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. டிஎஸ்ஹெச், டி4 பரிசோதனைகளில் தைராய்டு அதிகம் சுரப்பது தெரிந்துவிடும், ஆன்டிபாடி பரிசோதனை காரணத்தைச் சொல்லும். மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை சிகிச்சை என மூன்று வழிகள் உண்டு. கவனிக்காமல் விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் பலவீனமாகும். புகைபிடித்தால் கண் பாதிப்பு கூடும். உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க.

அந்தப் பெண்களின் படபடப்பை கிரேவ்ஸ் சும்மா விட்டுவிடவில்லை. நாமும் டென்ஷன்னு சொல்லி விட்டுவிட வேண்டாம்.