வைரத்தின் நீல ஒளியும் சர் சி. வி. இராமனும்

இராமன் என்றதும் நம் நினைவுக்கு வருவன 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளும், 1930-இல் அவர் பெற்ற நோபெல் பரிசுமே. ஆனால் அம்மேதை நாம் பயிலும் இதே பெங்களூரில் முப்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார். அவற்றில் நெடுங்காலம் அவர் உள்ளத்தை ஆட்கொண்டிருந்தது வைரம். அக்கதையில் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. ஆதலின் அதனை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறை அதிகாரியாக இருந்துகொண்டே ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்தவர் இராமன். 1933-இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராக இங்கு வந்தார். 1937-இல் அப்பதவியிலிருந்து விலகினாலும், 1948 வரை பௌதிகப் பேராசிரியராக அங்கேயே பணியாற்றினார். பின்னர்த் தமது பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தில் 1970-இல் மறையும்வரை உழைத்தார்.

வைரங்கள் சிலவற்றின்மீது புற ஊதாக் கதிர் பட்டால் அவை நீலமாக ஒளிரும். சில பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒளிரும், பல ஒளிர்வதேயில்லை. தூய கரி ஒன்றாலேயே ஆன கற்களில் ஏன் இந்த வேற்றுமை? இவ்வினாவே இராமனைப் பற்றிக்கொண்டது. வைரங்களைத் தாமே விலைக்கு வாங்கிச் சேர்த்தார். மாணவர்களை அவற்றில் ஈடுபடுத்தினார்.

அவர்களுள் ஒருவர், 1940-இல் வந்து சேர்ந்த அன்னா மணி அம்மையார். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களைக் கடுங்குளிரில் வைத்து, ஒரு நிறமாலைப் படத்துக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் காத்திருந்து பதிவு செய்தார். 1945-இல் அவர் அளித்த ஆய்வுரைக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தரவில்லை, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்பதே காரணம். வானிலைக் கருவித் துறையில் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்றவர் இவரே.

இராமன் கண்ட விடை யாது? கரி அணுக்கள் அடுக்கப்பட்ட முறையிலேயே பல வகை உண்டு. ஒளிர்வு வைரத்தின் சொந்த இயல்பு. அயற்பொருளால் வந்ததன்று என்றார். இவ்விடை நிலைக்கவில்லை. 1959-இல் அமெரிக்காவில் கைசர், பாண்டு என்ற இருவர், பெரும்பாலான வைரங்களில் நைட்ரஜன் கலந்திருப்பதை நிறுவினர். அணு ஒன்று இல்லாத வெற்றிடத்தைச் சூழ்ந்து மூன்று நைட்ரஜன் அணுக்கள் அமைந்தால் நீல ஒளி பிறக்கிறது என்பதே இன்றைய முடிவு. இராமனோ தம் கொள்கையைக் கடைசிவரை விட்டாரில்லை.

இவ்வொளி கடைவீதியிலும் விலை பேசுகிறது. தோடு வாங்கும் நம் தாய்மார் விரும்பிக் கேட்கும் புளூ ஜாகர், தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டைன் சுரங்கத்தால் பெயர் பெற்ற நீலவொளிக் கல்லே. சற்றே மஞ்சள் கலந்த கல்லை நீல ஒளி வெண்மையாகக் காட்டும். அதனால் அதற்கு மதிப்புக் கூடுவதுண்டு. நிறமே இல்லாத உயர்தரக் கல்லிலோ, மிகுந்த ஒளிர்வு விலையைக் குறைக்கிறது. கல் பால்போல் மங்கித் தோன்றும் என்ற அச்சமே காரணம். அவ்வாறு மங்குவன மிகச் சிலவே. 1997-இல் அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம் நடத்திய ஆய்வில், சாதாரண மக்களுக்கு இவ்வேற்றுமை கண்ணுக்கே புலப்படவில்லை.

இராமனின் விளக்கம் வீழ்ந்தது. எனினும் இரவு பகலாய் எடுத்த அளவீடுகள் வீழவில்லை. பின்வந்தோர்க்கு அவை பயன்பட்டன. பெரியோரின் பிழையை மறைத்துப் புகழ்வது அவர்க்குச் செய்யும் சிறப்பன்று என்றே நான் கருதுகிறேன். கல்லில் கலந்த நைட்ரஜன் குறையாயினும், ஒளி தருவது அதுதானே!