சட்டமன்றத்தில் முத்துலட்சுமி அம்மையார்

சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் உறுப்பினராக வீற்றிருந்த காலம் மூன்றரை ஆண்டுகூட நிறையாதது. எண்பத்தோராண்டு கடந்த நெடுவாழ்வில் அது சிறு பகுதியே. எனினும் அவரது பொதுவாழ்வின் வேர் அங்கேதான் உள்ளது எனலாம். அம்மையாரைப் பற்றி எழுதுவோர் அவர் எவற்றிலெல்லாம் முதல்வராக விளங்கினார் என்று அடுக்கி மகிழ்வது வழக்கம். அவ்வாறு பாராட்டுவதில் ஒரு குறை உண்டு. கதவைத் திறந்துகொண்டு முதலில் நுழைந்தவர் உள்ளே சென்று என்ன செய்தார் என்னும் வினா அதில் மறைந்துபோகிறது.

அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மன்னர் கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபினர். பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை அறிந்திருந்த குலம் அது. சந்திரம்மாளை மணந்தமையால் தந்தையை அவருடைய உறவினர் ஒதுக்கினர். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் மகளைச் சேர்க்க முயன்றபோதும் எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னரின் இசைவால் அது தணிந்தது. பின்னர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் சிறப்புடன் தேறினார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்தவேண்டும் என்பதை முன்னரே உறுதி செய்துகொண்ட பின்னரே அம்மணத்திற்கு உடன்பட்டார். தாயின் பிறப்பு பற்றி ஊரார் பேசிய பேச்சு அவர் நெஞ்சில் ஆறாத புண்ணாகவே இருந்தது. சட்டமன்றத்தில் அவர் எடுத்துக்கொண்ட பணியை விளங்கிக்கொள்ள இதனை மனங்கொள்ளுதல் வேண்டும்.

சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதியுடைய பெண்டிர் 1921இல் வாக்குரிமை பெற்றனர். தேர்தலில் நிற்கும் உரிமை 1926இல் வந்தது. அவ்வாண்டே கமலாதேவி சட்டோபாத்யாய் தென்கன்னடப் பகுதியில் நின்று மிகச் சில வாக்குகளில் தோற்றார். பெண் ஒருவரையேனும் நியமிக்குமாறு இந்திய மாதர் சங்கம் அரசை வேண்டியது. அரசின் உதவியுடன் இங்கிலாந்தில் மேற்படிப்பை முடித்துத் திரும்பியிருந்த அம்மையாரை நியமன உறுப்பினர் பதவி தேடிவந்தது. மருத்துவத் தொழில் தடைப்படுமே என்று அவர் முதலில் தயங்கினார். மாதர் சங்கத்தாரின் வற்புறுத்தலால் இசைந்தார். 1927ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

அந்த ஒருமனத்தைக் கண்டு அவரது வழி எளிதாயிருந்தது என்று எண்ணிவிடலாகாது. மக்கள் தேர்ந்தெடுத்த 98 உறுப்பினர் நடுவே அவருக்குத் தொகுதியும் இல்லை, கட்சியும் இல்லை. ஒரு தீர்மானம் நிறைவேற வேண்டுமாயின் நீதிக்கட்சியார், சுயராச்சியக் கட்சியார், அரசு தரப்பினர் ஆகிய அனைவரையும் தனித்தனியே இணங்கச் செய்தாக வேண்டும். மருத்துவர் என்ற முறையில் தாம் நேரிற் கண்டவற்றையே அவர் அவையின்முன் வைத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ ஆய்வு, மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை, முஸ்லிம் மாணவியர்க்கு விடுதி என அவர் பேசிய பொருள்கள் பல. பெண்ணின் மணவயதைப் பதினாறாகவும் ஆணின் மணவயதை இருபத்தொன்றாகவும் உயர்த்துமாறு வலியுறுத்தினார். 1929இல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு வயதோடு நின்றுவிட்டது.

எனினும் அவர் பெயரை நிலைநாட்டியது தேவதாசி முறைக்கு எதிரான பணியே. சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்க அரசு சட்டமியற்ற வேண்டும் என்னும் தீர்மானத்தை அவர் 1927ஆம் ஆண்டு நவம்பரில் கொண்டுவந்தார். அவை அதனை ஏற்றது. ஆயினும் தீர்மானம் பரிந்துரை மட்டுமே. அடுத்து அவர் செய்ததுதான் நுட்பமானது. வழக்கத்தை உடனே குற்றமாக்க முனையாமல், அது எதனால் நிலைத்து நிற்கிறது என்று ஆராய்ந்தார். கோயிற்பணிக்கு ஈடாகத் தேவதாசியர் மானிய நிலம் துய்த்துவந்தனர். பணி நின்றால் நிலம் கைவிட்டுப் போகும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சிறுமிக்குப் பொட்டுக்கட்ட வேண்டியதாயிற்று. பக்தி என்றும் மரபு என்றும் வெளியே பேசப்பட்டதன் அடியில் பட்டாவும் பங்கும் கிடந்தன. இந்து சமய அறநிலையச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவை அவர் 1928இல் முன்வைத்தார். அது 1929இல் சட்டமாயிற்று. பணிக்கட்டு நீங்கியது, நிலத்தின்மீது அப்பெண்டிர்க்கிருந்த உரிமை நீங்கவில்லை. பணிக்கு மாற்றாகக் கோயிலுக்கு ஒரு தொகை செலுத்துதல் போதும் என்றாயிற்று. வழக்கத்தை எதிர்த்தவர் அவ்வழக்கத்தில் அகப்பட்டிருந்த பெண்களின் வாழ்வாதாரத்தைப் பறிக்கவில்லை என்பது இச்சட்டத்தின் சிறப்பு.

எதிர்ப்பு இருபுறமும் வந்தது. காங்கிரசின் சொல்வல்லார் எஸ். சத்தியமூர்த்தி அவையில் எதிர்த்துப் பேசினார். காங்கிரசாரெல்லாம் போற்றிய காந்தியடிகளோ அம்மையாரின் முயற்சியை ஆதரித்தார். தேவதாசியர் சிலரும் சங்கமாகக் கூடி அரசுக்கு விண்ணப்பித்தனர். தங்களையும் பரத்தையரையும் ஒன்றாக எண்ணுதல் தகாது, கலையும் வழிபாடும் தங்கள் வாழ்வு, கல்வி தந்தால் போதும் என்பது அவர்தம் வாதம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்று அம்மரபிலிருந்தே வந்து முறையை எதிர்த்துப் போராடியோரும் இருந்தனர். விண்ணப்பித்தோர் குரலுக்கு முத்துலட்சுமி அம்மையார் போதிய செவி சாய்த்தார் என்று சொல்வதற்கில்லை. நாட்டியத்தையும் இசையையும் பேணிவந்த அப்பெண்டிரின் புலமையை அவர் குறைவாகவே மதித்தார். ஆனால் பொட்டுக்கட்டப்படும் சிறுமியிடம் எவரும் சம்மதம் கேட்டதில்லை. சிறுமியரின் சார்பில் அவையில் பேசியவர் அவரே.

பொட்டுக்கட்டுதலை முற்றிலும் தடைசெய்யும் மசோதாவை 1930ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் கொண்டுவந்தார். அதற்குள் உப்பறப்போர் மூண்டது. மே மாதத்தில் காந்தியடிகள் சிறைப்பட்டார். அம்மையார் உறுப்பினர் பதவியையும் துணைத் தலைவர் பதவியையும் துறந்தார். தாம் உயிரெனக் கொண்ட மசோதா கையிலிருக்க, அதனை விட்டுவிட்டு வெளியேறுதல் எளிய செயலன்று. அம்முடிவு சரிதானா என்று இன்றும் கேட்கலாம். அரசு நியமித்த இருக்கை அது. தலைவரைச் சிறையிலிட்ட அரசு தந்த இருக்கையில் தொடர்ந்திருக்க அவர் மனம் ஒப்பவில்லை. விலை என்னவோ பெரிது. மசோதா பதினேழு ஆண்டுகள் காத்திருந்தது.

சட்டமன்ற அனுபவங்களை அவர் அவ்வாண்டே ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதினார். தேவதாசி மரபில் பிறந்த மூன்று சிறுமியர், சென்னை விடுதிகளில் இடம் கிடைக்காமல் அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றதும் அக்காலத்தேதான். அவர்களைத் தம் இல்லத்திலேயே வைத்துக்கொண்டார். அதிலிருந்தே ஔவை இல்லம் தோன்றிற்று. தங்கை புற்றுநோயால் மாண்ட துயரம் நெடுங்காலம் மனத்தில் கிடந்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. 1968 சூலை 22ஆம் நாள் அவர் மறைந்தார்.

தேவதாசித் தடுப்புச் சட்டம் 1947ஆம் ஆண்டு, நாடு விடுதலை பெற்ற சில வாரங்களுக்குப்பின் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. ஔவை இல்லத்துச் சிறுமியர் அதற்கு முன்பே பல ஆண்டுகளாகப் பள்ளி சென்றுகொண்டிருந்தனர்.