மல்லர் காஷாபா ஜாதவ்

பெரியோர் சரித்திரம் எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசரையும் புலவரையும் தேசத் தொண்டரையுமே தேர்ந்துகொள்வது வழக்கம். தேக வலிமையாற் புகழெய்தினோர்க்கு ஏடுகளில் இடங்கிடைப்பது அரிது; கிடைப்பினும், அவர் வென்ற பந்தயங்களின் கணக்கோடு அது முடிந்துவிடும். இவ்வாண்டு நம் சஞ்சிகையில் ஒரு மல்லரின் வரலாற்றை எழுத நாம் எண்ணியதற்குக் காரணம் உண்டு. அவ்வரலாற்றில் ஒரு தந்தையார் வருகிறார். ஒரு சிற்றூர் வருகிறது. ஒரு கல்லூரித் தலைவர் வருகிறார். இம்மூவரும் கொடுத்த கடனும், அது திருப்பிச் செலுத்தப்பட்ட விதமும், செலுத்தப்படாமல் நின்ற பகுதியும் கல்லூரியில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டியவை.

மஹாராஷ்டிர தேசத்தில், சாத்தாரா ஜில்லாவில், கிருஷ்ணையும் கொய்னையும் கூடும் துறையில் அமைந்தது கராட் என்னும் நகரம். அதற்கு அணித்தே உள்ள கோலேஷ்வர் என்னும் கிராமத்தில் 1926-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ஆம் தேதி காஷாபா தாதாசாகேப் ஜாதவ் பிறந்தார். தந்தையார் தாதாசாகேப் அவ்வட்டாரத்தில் பெயர்பெற்ற மல்லர். அவருக்குப் புதல்வர் ஐவர், காஷாபா கடைக்குட்டி.

அந்நாட்டுக் கிராமங்களில் குஸ்தி என்பது வெறும் விளையாட்டன்று. நம் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் சடுகுடு எவ்வாறோ, அவ்வாறே அங்கே மற்போர். திருவிழாவும் அதனோடு, ஊர்ப்பெருமையும் அதனோடு. மல்லர் பயிலும் கோதாவில் செம்மண்ணைச் சலித்து நிரப்பி, எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து பதப்படுத்துவர். மண் இறுகினால் உடம்பு நோகும். நெகிழ்ந்தால் காலூன்ற இயலாது. ஆகையால் நாள்தோறும் அதைக் கொத்திக் கிளறிப் பக்குவம் செய்தல் மாணாக்கனின் முதற் பாடம். அப்பாடத்தைத் தாதாசாகேப் தம் இளைய மைந்தனுக்கு ஐந்தாம் வயதிலேயே தொடங்கினார். தந்தையே ஆசானாக அமைவது எளிதன்று. மகன் கீழே விழும்போது தூக்க ஓடும் கையைத் தந்தை அடக்கவேண்டும். வெல்லும்போது மெச்சத் துடிக்கும் நாவை ஆசான் அடக்கவேண்டும். எட்டு வயதில் காஷாபா அவ்வட்டாரத்து மல்லன் ஒருவனை இரண்டு நிமிடத்துள் வீழ்த்தினான் என்று ஒரு செய்தி வழங்குகிறது. சிறு பிராயத்து வெற்றிகளைப் பற்றிய கதைகள் பின்னாளிற் சற்று வளர்வது இயல்பே. ஆயினும் அடிப்படை வித்தை முழுவதும் தந்தையார் கையாலேயே வந்தது என்பதில் ஐயமில்லை.

காஷாபா 1940 முதல் 1947 வரை கராட் நகரத்துத் திலகர் உயர்தரப் பாடசாலையிற் பயின்றார். 1942-இல் வெள்ளையனே வெளியேறு என்னும் கிளர்ச்சி மூண்டபோது, மறைந்து திரிந்த தேசபக்தர்க்குப் புகலிடம் அளிப்பதிலும், அவர்தம் கடிதங்களைக் கொண்டுசேர்ப்பதிலும் இளைஞராகிய அவர் பங்கு கொண்டார். பின்னர்க் கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியிற் சேர்ந்தார். கோலாப்பூர் மற்போரின் தலைநகரம் எனத் தகும். 1922-இல் மறைந்த சாஹு மஹாராஜா மல்லரைப் பெரிதும் ஆதரித்துக் காஸ்பாக் என்னும் மாபெரும் மற்களத்தை அங்கே அமைத்தவர்.

கல்லூரி விளையாட்டு விழாவில் மற்போருக்குப் பெயர் கொடுக்கச் சென்றபோது, உருவத்திற் சிறியவராகிய காஷாபாவைப் பார்த்து விளையாட்டு ஆசிரியர் சேர்த்துக்கொள்ள மறுத்தாராம். அவர் நேரே கல்லூரித் தலைவரிடஞ் சென்று முறையிட, தலைவர் அனுமதி அளித்தார். களத்தில் இறங்கிய இளைஞர் தம்மினும் பருத்தவரை ஒருவர்பின் ஒருவராக வீழ்த்தினார். அத்தலைவரின் பெயர் கர்டேகர். இப்பெயரை நம் வாசகர் நினைவிற் கொள்வாராக.

1948-இல் லண்டன் மாநகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. கோலாப்பூர் மஹாராஜா வழிச்செலவு உதவ, காஷாபா அங்கே சென்றார். அதுகாறும் மண்ணிலேயே பொருதவர், மெத்தையின்மேல் நின்றது அப்பொழுதே. மண் மற்போருக்கும் மெத்தை மற்போருக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. நம் நாட்டு முறையில் எதிரியின் முதுகு மண்ணிற் படியும்வரை போர் நீளும். பொறுமையும் மூச்சும் உடையவன் வெல்வான். மேல்நாட்டு முறையிலோ குறித்த நிமிடங்களுக்குள் ஒவ்வொரு பிடிக்கும் மதிப்பெண் உண்டு. முதுகு படியாமலேயே ஒருவன் தோற்றுவிடலாம். மண்ணில் கால்விரல்கள் புதைந்து பிடிக்கும், மெத்தையில் வழுக்கும். அமெரிக்க மல்லராகிய ரீஸ் கார்ட்னர் என்பார் லண்டனில் அவருக்குப் பயிற்சியளித்தார். மிகக் குறைந்த எடைப் பிரிவிற் போட்டியிட்டு, உலக மல்லருள் ஆறாம் இடத்தைக் காஷாபா அடைந்தார். அவ்வளவு சொற்ப காலப் பழக்கத்தில் அது வியக்கத்தக்கதே. எனினும் ஊர் திரும்பிய அவருக்குத் திருப்தி உண்டாகவில்லை. அடுத்த நான்கு ஆண்டுகளும் காலையும் மாலையும் நூற்றுக்கணக்கான தண்டால்களும் பஸ்கிகளும் எடுத்து, எடையைக் கூட்டி, அதற்கு மேற்பட்ட பிரிவுக்குத் தம்மை ஆயத்தம் செய்துகொண்டார்.

1952-இல் பின்லாந்து தேசத்து ஹெல்ஸிங்கி நகரில் அடுத்த ஒலிம்பிக். அதற்கு மல்லரைத் தெரிந்தெடுக்கும் பொருட்டுச் சென்னையில் நடந்த தேசியப் பந்தயத்தில் ஒரு புள்ளிக் குறைவால் அவர் பின்தள்ளப்பட்டார். அப்புள்ளி நியாயமாகக் குறைக்கப்பட்டதன்று என்பது அவர் கருத்து. பிறராயின் விதியை நொந்து வீடு திரும்பியிருப்பர். அவரோ, அந்நாளில் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராய் இருந்த பாட்டியாலா மஹாராஜா யாதவேந்திர சிங்குக்கு முறையீடு அனுப்பினார். மஹாராஜா மீண்டும் ஒரு போட்டிக்கு ஏற்பாடு செய்தார். அதில் எதிரி நின்ற நேரம் மிகக் குறைவு. தோல்வியை ஏற்பது ஆட்டக்காரர்க்கு அழகு என்று நாம் மாணாக்கர்க்குச் சொல்லிக்கொடுக்கிறோம், சரியே. அநியாயத்தை முறைப்படி எதிர்த்து நிற்பதும் அவ்வழகின் ஒரு பகுதி என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

தேர்வு கிடைத்தது; பொருள் கிடைக்கவில்லை. பின்லாந்து சென்று மீளும் செலவை அவரே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. சர்க்காரிடமிருந்து வந்தது போதவில்லை. கோலேஷ்வர்க் கிராமத்தார் வீடுவீடாகத் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். கடைக்காரரும் உழவரும் கொடுத்தனர். அதுவும் போதாமற்போகவே, பிரின்ஸிபால் கர்டேகர் தாம் குடியிருந்த வீட்டை ஒரு பாங்கியில் ஈடு வைத்து 7,000 ரூபாய் கடன் பெற்றுத் தம் பழைய மாணாக்கர் கையிற் கொடுத்தார்.

இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறோம். ஈடு என்பதன் பொருளை நம் திருப்பூர்ப் பகுதியாருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்தை ஈடு வைத்துப் பனியன் மெஷின் வாங்கியவரும், மனைவியார் நகையை அடகு வைத்து நூல் வாங்கியவரும் சேர்ந்து எழுப்பியது இவ்வூர்த் தொழில். ஆனால் அக்கடனுக்கு எதிரே ஒரு வரவு தெரிந்திருக்கும். நெய்த துணி கண்முன் நிற்கும். கர்டேகர் ஈடு வைத்ததோ ஒருவன் தோளையும் பிடியையும் நம்பி. அவன் தோற்று வந்தால் அவ்வீட்டின் கதி என்ன? பெற்ற தகப்பன் செய்யின் அதனைப் பாசம் என்போம். ஊதியம் பெறும் கல்லூரித் தலைவர் ஒருவர் செய்ததற்கு என்ன பெயரிடுவது என்று நமக்குப் புலப்படவில்லை.

ஹெல்ஸிங்கியில் பான்டம் எடைப் பிரிவில் காஷாபா இறங்கினார். கனடா தேசத்தார் ஒருவரையும் மெக்ஸிகோ தேசத்தார் ஒருவரையும் வென்றார். இறுதிச் சுற்றில் மூவர் எஞ்சினர்: ஜப்பானியராகிய ஷொஹாசி இஷி, ருஷிய ஐக்கியத்தைச் சேர்ந்த ரஷீத் மம்மத்பெயோவ், நம் காஷாபா. இஷியோடு நிகழ்ந்த போர் நெடுநேரம் நீண்டு, சிறு வேற்றுமையில் ஜப்பானியருக்குச் சாதகமாக முடிந்தது. அவ்வாண்டு ஜப்பான் பெற்ற தங்கப்பதக்கம் அவ்வொன்றே என்பதிலிருந்து எதிரியின் தரம் விளங்கும். போர் முடிந்து களைத்து நின்றவரை, போதிய ஓய்வின்றி அடுத்து மம்மத்பெயோவோடு பொருமாறு அழைத்தனர். இரு போர்களுக்கிடையே அரை மணி ஓய்வு வேண்டும் என்று எடுத்துக்கூற இந்திய அதிகாரி ஒருவரேனும் அப்பொழுது அருகில் இல்லை என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். அதிலும் தோற்று மூன்றாம் இடம் பெற்றார். 1952 ஜூலை 23-ஆம் தேதி வெண்கலப் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவில் தனியொருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. கோலாப்பூரிலிருந்து உடன் சென்ற மங்கவே என்னும் மல்லர் வேறொரு பிரிவில் நான்காம் இடத்தை அடைந்து பதக்கத்தைத் தவறவிட்டார்.

அதே பந்தயத்தில் இந்திய ஹாக்கிக் கோஷ்டியார் தங்கம் வென்றமையால், தேசத்தின் கரகோஷம் பெரும்பாலும் அவர்பக்கமே சென்றது. கராட் மக்கள் மட்டும் தம் மல்லரை மறக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகள் அணிவகுத்து நகரத்திலிருந்து கோலேஷ்வர்வரை அவரை அழைத்துச் சென்றன. வழக்கமாகக் கால்மணி நேரத்திற் கடக்கும் வழியை அன்று கடக்க ஏழு மணி நேரம் ஆயிற்றாம். காங்கேயம் காளைகள் பூட்டிய வண்டிகள் நூறு ஒருங்கே செல்வதை மனத்திற் கண்டு பார்ப்போர்க்கு அவ்வூர்வலத்தின் பெருமிதம் ஒருவாறு விளங்கும்.

மாலைகள் வாடுமுன் அவர் செய்த காரியந்தான் நம் மனத்தை மிகக் கவர்கிறது. கோலாப்பூரில் மற்போர்ப் பந்தயங்களை ஏற்பாடு செய்து, தாமே களத்தில் இறங்கிப் பொருது, அதனாற் கிடைத்த பொருளைக் கொண்டு கர்டேகரின் வீட்டை ஈட்டினின்றும் மீட்டார். உலகப் பந்தயத்திற் பதக்கம் பெற்றவர், தம் ஆசிரியரின் கடனை அடைப்பதற்கென்று மறுபடியும் மண்ணில் இறங்கினார். தந்தையார் கோதாவிற் கற்பித்த வித்தை அன்று அவ்வகையில் பயன்பட்டது.

1955-இல் பம்பாய்ப் போலீஸ் இலாகாவில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். முழங்காலில் நேர்ந்த கடுமையான காயத்தால் 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குச் செல்ல இயலவில்லை. இலாகாவில் அவருக்குப் பதவி உயர்வு மிக மெதுவாகவே வந்தது. உதவிக் கமிஷனராக ஓய்வு பெற்றபின், உரிய உபகாரச் சம்பளத்திற்காகவும் அலைய வேண்டியதாயிற்று. ஊரில் தாம் கட்டிய வீட்டிற்கு ஒலிம்பிக்கின் பெயரையே இட்டார். 1982-இல் டில்லியில் ஆசியப் பந்தயம் நடந்தபோது தீபந்தாங்கியோருள் அவரும் ஒருவர். வாழ்நாளில் தேசம் அவருக்குச் செய்த மரியாதைகளை எண்ண ஒரு கைவிரல்கள் அதிகம். 1984 ஆகஸ்ட் 14-ஆம் தேதி சாலை விபத்தொன்றில் அவர் உயிர் நீத்தார். வயது 58. அதன்பின் அவர் மனைவியாரும் மைந்தரும் நெருக்கடியில் வாழ்ந்தனர். உதவி எத்திசையினின்றும் எளிதில் வரவில்லை.

இந்தியர் ஒருவர் தனித்து மீண்டும் ஒலிம்பிக் பதக்கம் பெற நாற்பத்து நான்கு ஆண்டுகள் சென்றன. 1996-இல் அட்லாண்டாவில் டென்னிஸ் வீரர் லியாண்டர் பேயஸ் வெண்கலம் வென்றார். அப்பொழுதுதான் பத்திரிகைகள் காஷாபாவின் பெயரைத் தேடி எடுத்தன. அர்ஜுன விருது அவர் மறைந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2000-ஆம் ஆண்டுக்குரியதாக அளிக்கப்பட்டது. 2010-இல் காமன்வெல்த் பந்தயங்கள் நிகழ்ந்தபோது டில்லி மற்போர் அரங்கிற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

பிதாவின் நினைவை மைந்தர் கைவிடவில்லை. விருதுக்காக விண்ணப்பங்கள் எழுதி அலைந்தவர் அவரே. கோலேஷ்வரில் தகப்பனார் பெயரால் ஒரு மற்போர்ப் பயிற்சிக்கூடம் அமைப்பதாக மாகாண சர்க்கார் வாக்களித்திருந்தது. ஆண்டுகள் பல கழிந்தும் கட்டடம் எழவில்லை. ஆகவே 2017-இல் குடும்பத்தார் அவ்வெண்கலப் பதக்கத்தையே ஏலத்தில் விற்று, அப்பணத்தால் கூடத்தைக் கட்டப் போவதாக அறிவித்தனர். பதக்கத்திற்காக ஒரு வீடு ஈடு வைக்கப்பட்டு 65 ஆண்டுகள் ஆகியிருந்தன.