லூயிஸ் ஹைன்: தொழிலாளர்களுக்காகக் கேமரா பிடித்தவர், கடைசியில் அரசு உதவிக்கு மனு போட்டது ஏன்?

1937 மார்ச் மாதம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்காட்ஸ் ரன் என்றொரு நிலக்கரிப் பள்ளத்தாக்கு. முதல் உலகப் போர் சமயத்தில் ராப்பகலாக ஓடிய சுரங்கங்களில் பல அப்போது மூடிக் கிடந்தன. கம்பெனி கட்டிக்கொடுத்த வீடுகளில் குடும்பங்கள் இருந்தன. வேலைதான் இல்லை. அந்த ஊரைப் படமெடுக்க அரசு அனுப்பிய ஆளுக்கு வயது 62. பெயர் லூயிஸ் ஹைன்.

குழந்தைத் தொழிலாளர் படங்களால் உலகப் புகழ் பெற்றவர் இவர். ஆனால், ஒரு தொழில் நொடித்துப்போனால் அதை நம்பியிருந்த ஊர் என்ன ஆகும் என்று அவர் கடைசியாகப் பதிவு செய்தது பலருக்கும் தெரியாது.

யார் இவர்?

1874 செப்டம்பர் 26-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் பிறந்தார். பதின்ம வயதிலேயே அப்பா விபத்தில் இறந்துபோக, குடும்பச் சுமை இவர் தலையில் விழுந்தது. மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை. வாரத்துக்கு 6 நாள், தினமும் 13 மணி நேரம். சம்பளம் வாரம் 4 டாலர். நீண்ட நேர உழைப்பு உடம்பை என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே படித்தார். 1901-ல் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியரானார். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க கேமராவைப் பயன்படுத்தலாமே என்று பள்ளித் தலைவர் யோசனை சொன்னார். எல்லிஸ் தீவில் வந்து இறங்கிய குடியேறிகளைப் படம் எடுக்கத் தொடங்கினார். 1907-08-ல் பிட்ஸ்பர்க் எஃகு ஆலைத் தொழிலாளர்களின் வாழ்க்கை பற்றிய பெரிய சமூக ஆய்வுக்கும் படம் எடுத்தார். ஆசிரியர் வேலையை விட்டுவிட்டார்.

பைபிள் விற்பவர் வேஷம் எதற்கு?

1900-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் 10 முதல் 15 வயதுக்குள் வேலை பார்த்த குழந்தைகள் சுமார் 17.5 லட்சம் பேர். இதை எதிர்த்த தேசிய குழந்தைத் தொழிலாளர் குழு, 1908-ல் ஹைனை முழுநேரமாக வேலைக்கு எடுத்தது.

கேமராவோடு வருகிறவரை எந்த முதலாளி உள்ளே விடுவார்? அதனால் வேஷம் போட்டார். ஒரு ஊரில் பைபிள் விற்பவர், இன்னொரு ஊரில் போஸ்ட் கார்டு வியாபாரி, வேறோர் இடத்தில் இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவர். உள்ளே போனதும் குழந்தைகளிடம் பேச்சுக் கொடுத்து, பெயர், வயது, வேலை நேரம், சம்பளம் எல்லாவற்றையும் கையைப் பாக்கெட்டுக்குள் வைத்தபடியே குறித்துக்கொள்வார். கோட்டுப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருப்பார். எந்தப் பொத்தான் வரை குழந்தையின் தலை வருகிறதோ, அதுதான் உயரம்.

1911 ஜனவரியில் பென்சில்வேனியாவின் பிட்ஸ்டன் பகுதியில் அவர் எடுத்த படங்கள் இன்றும் பார்ப்பவர்களை உலுக்குகின்றன. சரிவில் ஓடிவரும் நிலக்கரியிலிருந்து கல்லைப் பொறுக்கி எறிவதுதான் அங்கே சிறுவர்களின் வேலை. நாள் முழுக்கக் குனிந்தே உட்கார வேண்டும். கரித்தூசியில் எதிரே இருப்பவர் முகமே சரியாகத் தெரியாது.

இந்த அமைப்புக்காக அவர் எடுத்த 5,000-க்கும் அதிகமான படங்கள் கண்காட்சிகளுக்கும் துண்டறிக்கைகளுக்கும் போயின. 1916-ல் குழந்தைத் தொழிலாளர் முறையைக் கட்டுப்படுத்தும் தேசியச் சட்டம் வந்தது. இரண்டே வருடத்தில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

உச்சியில் தொங்கியபடி...

1918-ல் செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஐரோப்பா போய்ப் போரின் பாதிப்புகளைப் படமெடுத்தார். திரும்பி வந்த பிறகு அவர் பார்வை மாறியது. துயரத்தை மட்டும் காட்டாமல், உழைப்பவரின் திறமையையும் காட்ட நினைத்தார். 1930-ல் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பியபோது இரும்புத் தொழிலாளர்களோடு தானும் மேலே ஏறினார். உச்சி வேலைகளை எடுக்க, கட்டடத்துக்கு வெளியே அந்தரத்தில் நீட்டிய கூடையில் நின்றார். அப்போது அவருக்கு 55 வயதுக்கு மேல்!

வேலை திரும்ப வருமா?

அடுத்து வந்தது பெருமந்தம். தொழிற்சாலைகள் அடுத்தடுத்து மூடின. உற்பத்தி மறுபடி கூடினாலும், புது இயந்திரங்கள் வந்துவிட்டதால் பழைய வேலைகள் திரும்ப வருமா என்ற கேள்வி எழுந்தது. இதை ஆராய அரசு தேசிய ஆராய்ச்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1936 முதல் 1937 வரை ஹைன்தான் அதன் தலைமைப் புகைப்படக்காரர். 14 தொழில் ஊர்கள், 700-க்கும் மேற்பட்ட படங்கள்.

நியூ ஜெர்சியின் பேட்டர்சன் ஒருகாலத்தில் பட்டு நெசவுக்குப் பேர்போன நகரம். பெரிய ஆலைகள் நொடித்த பிறகு, பழைய தறிகளை வாங்கிப் போட்டுக் குடும்பமாக நெய்யும் சின்னச் சின்னக் கூடங்கள்தான் மிஞ்சின. மாசசூசெட்ஸின் ஹோலியோக்கில் பட்டு ஆலையும் இருந்தது, பொம்மைத் தொழிற்சாலையும் இருந்தது. பழைய கைத்தொழில் தெரிந்தவர்களையும் புது மெஷின் முன் நிற்பவர்களையும் சேர்த்தே படமெடுத்தார்.

ஸ்காட்ஸ் ரன்னில் அவர் சுரங்க வாசலோடு நிற்கவில்லை. வரிசை வீடுகள், வேலையில்லாத ஆண்கள், குழந்தைகள் கூடும் சமூகக் கூடம் என்று ஊரையே சுற்றினார். ஏனென்றால், சுரங்கம் மூடினால் போவது சம்பளம் மட்டுமல்ல. வீடு கம்பெனியுடையது, கடையும் பெரும்பாலும் கம்பெனியுடையது. முதலாளி கிளம்பினால் ஊரின் அடித்தளமே ஆடிப்போகும். வேறு ஊருக்குப் போகலாம் என்றால், அங்கேயும் சுரங்கம் மூடித்தான் இருக்கும்.

அவருக்கு என்ன ஆனது?

திட்டம் முடிந்ததும் ஹைனுக்கும் வேலை போனது. கிராமப்புற வறுமையைப் பதிவு செய்ய அரசு அமைத்த புகழ்பெற்ற புகைப்படக் குழுவில் சேர முயன்றார், இடம் கிடைக்கவில்லை. கக்கன்ஹைம் உதவித்தொகையும் கிடைக்கவில்லை. அவர் பாணி பழசாகிவிட்டது என்று பத்திரிகை உலகம் நினைத்தது.

இளைய தலைமுறையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் பெரெனிஸ் அபட், கலை விமர்சகர் எலிசபெத் மெக்காஸ்லண்ட் இருவரின் முயற்சியால் 1939 ஜனவரியில் நியூயார்க்கில் அவர் படங்களின் கண்காட்சி நடந்தது. பாராட்டு வந்தது. ஆனால், பணம் வரவில்லை. வீடு கடனில் போனது. அரசு நிவாரணத்துக்கு மனு போட்டார். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று மனைவி சாரா இறந்தார். 1940 நவம்பர் 3-ல், 66-வது வயதில் ஹைனும் போய்ச் சேர்ந்தார்.

அவர் உழைப்பு என்ன ஆனது?

1938-ல் நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் வந்தது. பெரும்பாலான வேலைகளுக்குக் குறைந்தபட்ச வயது 16, ஆபத்தான வேலைகளுக்கு 18 என்று அது நிர்ணயித்தது. இதுவும் நீதிமன்றத்துக்குப் போனது. இந்த முறை உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. தேதி 1941 பிப்ரவரி 3. ஹைன் இறந்து சரியாக மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவருடைய குழந்தைத் தொழிலாளர் படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலும், ஸ்காட்ஸ் ரன் உள்ளிட்ட தொழில் ஊர்களின் படங்கள் அந்நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. இரண்டையும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.