ஒஸ்ஸியன் ஸ்வீட்: ஒரு வீடும் 400 தோட்டாக்களும்

1925 செப்டம்பர் 8ஆம் நாள், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கார்லண்ட் தெருவின் 2905ஆம் எண் வீட்டுக்குக் கருப்பின மருத்துவர் ஒஸ்ஸியன் ஸ்வீட் தம் மனைவி கிளாடிஸுடன் குடிபுகுந்தார். வீட்டுச் சாமான்களோடு ஒரு பையில் சில துப்பாக்கிகளும் ஏறத்தாழ 400 தோட்டாக்களும் வந்து இறங்கின. இரண்டு வயது நிரம்பாத மகளை மட்டும் தாத்தா பாட்டியிடம் விட்டு வந்திருந்தனர். புதுமனை புகும் ஒரு குடும்பம் குழந்தையை விட்டுவிட்டுத் தோட்டாக்களை எடுத்துச் செல்ல ஏன் நேர்ந்தது? அதற்கான விடை அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. அந்தத் தோட்டாக்களுக்குச் சட்டம் என்ன பொருள் தரும் என்பதே பின்னர் அவர் எதிர்கொண்ட வழக்காயிற்று.

அடிமைமுறை ஒழிந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1895இல், புளோரிடா மாநிலத்தில் ஸ்வீட் பிறந்தார். பார்ட்டோ என்னும் சிற்றூரில் வளர்ந்தார். 1901இல் அவ்வூரில் கருப்பின இளைஞர் ஒருவரை வெள்ளையர் கும்பல் உயிரோடு எரித்துக் கொன்றது. ஐந்து வயதில் தாம் மறைந்திருந்து அதைக் கண்டதாகப் பிற்காலத்தில் ஸ்வீட் சொன்னார். பதின்மூன்று வயதில் பெற்றோர் அவரை ஒஹாயோவிலுள்ள வில்பர்போர்ஸ் கல்வி நிலையத்துக்கு அனுப்பினர். கூலி வேலைகள் செய்தே படித்த அவர், வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1921இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்குப் பயின்ற காலத்தில், 1919ஆம் ஆண்டின் இனக் கலவரம் அந்நகரத் தெருக்களில் நடந்தேறியது.

பட்டம் பெற்றதும் டெட்ராய்ட் சென்றார். மோட்டார் வாகன ஆலைகள் தென்மாநிலத் தொழிலாளரை ஈர்த்துக்கொண்டிருந்த காலம் அது. 1910இல் ஆறாயிரத்துக்கும் குறைவாக இருந்த அந்நகரின் கருப்பின மக்கள்தொகை 1925இல் ஏறத்தாழ 80,000 ஆயிற்று. அவர்கள் வாழ விடப்பட்ட பகுதியோ பிளாக் பாட்டம் போன்ற நெரிசலான சில தெருக்களே. ஸ்வீட் அங்கே மருத்துவம் பார்த்தார். 1922இல் கிளாடிஸ் மிட்செலை மணந்தார். மேற்படிப்புக்காக இருவரும் வியன்னாவுக்கும் பாரிசுக்கும் சென்றனர். பாரிசில் கிளாடிஸின் பேறுகாலத்தில் அங்கிருந்த அமெரிக்க மருத்துவமனை நிறத்தைக் காரணம் காட்டி இடம் மறுத்தது. கடல் கடந்தும் ஒதுக்கல் உடன் வந்தது.

நாடு திரும்பியபின் 18,500 டாலருக்குக் கார்லண்ட் தெரு வீட்டை வாங்கினார். அந்தக் கோடை சாதாரணமானதன்று. 1924ஆம் ஆண்டு மேயர் தேர்தலில் கூ கிளக்ஸ் கிளான் ஆதரித்த வேட்பாளர் வெற்றியின் விளிம்பு வரை வந்திருந்தார். 1925 ஜூனில் மருத்துவர் அலெக்சாண்டர் டர்னர் வெள்ளையர் தெருவில் குடியேறிய நாளிலேயே கும்பல் வீட்டைத் தாக்கி, அவரிடமிருந்து அதை எழுதி வாங்கியது. கார்லண்ட் தெருப் பகுதியிலும் ‘மேம்பாட்டுச் சங்கம்’ ஒன்று தோன்றியது. ஸ்வீட் வருவதைத் தடுப்பதே அதன் மேம்பாடு. அவர் சில வாரங்கள் தயங்கினார். பின்பு உறுதி பூண்டார். காவல்துறைக்கு முன்கூட்டியே தெரிவித்தார். தம்பியர் இருவரையும் நண்பர்களையும் துணைக்கு அழைத்தார். தோட்டாக்களை வாங்கினார்.

முதல் இரவு கூட்டம் கூடிக் கலைந்தது. மறுநாள் இரவு பெருகியது. காவலர்கள் தெருவில் நின்றிருக்கவே கற்கள் பாய்ந்தன, சன்னல்கள் உடைந்தன. மாடியிலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. லியோன் பிரைனர் என்னும் வெள்ளையர் இறந்தார், இன்னொருவர் காயமுற்றார். ஓர் உயிரின் இழப்பை நாம் சிறிதாக்கவில்லை. ஆனால் சட்டம் அன்று எப்படி நடந்துகொண்டது என்பதைக் காண வேண்டும். கல்லெறிந்தவர் எவரும் கைதாகவில்லை. வீட்டுக்குள் இருந்த பதினொருவரும், கிளாடிஸ் உட்பட, கொலைக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டனர்.

என்.ஏ.ஏ.சி.பி. என்று அறியப்படும் உரிமைச் சங்கம் வழக்கைக் கையிலெடுத்து, நாடெங்கும் நிதி திரட்டியது. புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ வாதாட இசைந்தார். நீதிபதி பிராங்க் மர்பி. ஜூரிகள் பன்னிருவரும் வெள்ளை ஆண்கள்.

சட்டம் பயிலும் மாணவர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். பிரைனரைக் கொன்ற குண்டு யாருடைய துப்பாக்கியிலிருந்து வந்தது என்பதை அரசுத் தரப்பால் மெய்ப்பிக்க இயலவில்லை. ஆகவே அனைவரும் கூடிச் சதி செய்தனர் என்று வழக்கை அமைத்தது. அதற்கு அது காட்டிய முதன்மைச் சான்று அந்தப் பைதான். இத்தனை துப்பாக்கிகளும் தோட்டாக்களும் கொண்டுவந்தவர் கொல்லும் எண்ணத்துடனேயே வந்தார் என்பது அதன் வாதம். அது நிற்க வேண்டுமானால் தெரு அமைதியாக இருந்திருக்க வேண்டும். எனவே சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகக் கூட்டமே இல்லை என்று சொன்னார்கள்.

டாரோ அதே பையை மறுபக்கமாகத் திருப்பினார். 400 தோட்டாக்கள் கொலை எண்ணத்தின் அளவா, அச்சத்தின் அளவா என்பதே அவருடைய கேள்வி. ஒஸ்ஸியன் ஸ்வீட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி அவருடைய வாழ்க்கையையே சான்றாக வைத்தார். பார்ட்டோவின் தீயும் வாஷிங்டன் கலவரமும் டர்னர் இழந்த வீடும் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறின. அரசுத் தரப்பு எதிர்த்தது, மர்பி அனுமதித்தார். மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1860இல் பாண்ட் என்பவரின் வழக்கில் வகுத்த நெறி இதற்கு இடம் தந்தது. வீட்டைக் காத்தவனைப் பின்னாளில் தெரியவந்த உண்மைகளைக் கொண்டன்று, அந்நேரத்தில் அவனுக்குத் தோன்றிய சூழலைக் கொண்டே எடைபோட வேண்டும் என்பது அந்நெறி. ஒரு வெள்ளையரின் வீட்டுவாசலில் வளர்ந்த இந்நெறியைக் கருப்பினக் குடும்பத்தின் வாசலுக்கும் கொண்டுவந்ததே அவ்வழக்கின் சாதனை.

நவம்பரில் ஜூரிகள் 46 மணி நேரம் விவாதித்தும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1926இல், சுட்டதாக ஒப்புக்கொண்ட தம்பி ஹென்றி மட்டும் தனியே விசாரிக்கப்பட்டார். மே மாதத்தில் அவர் விடுதலையானார். 1927இல் மற்றவர்கள் மீதான வழக்கும் கைவிடப்பட்டது. ஆயினும் ஹென்றி விடுதலையான அதே மே மாதத்தில், கருப்பினத்தவருக்கு வீடு விற்பதைத் தடுக்கும் தனியார் ஒப்பந்தங்களில் தலையிட அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்ற தீர்ப்புக்கு 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் டெட்ராய்ட் குடும்பம் ஒன்றின் வழக்கும் அடங்கும்.

ஸ்வீட் குடும்பம் கொடுத்த விலை தீர்ப்புகளில் இல்லை. கிளாடிஸுக்குக் காசநோய் கண்டது; சிறையில் தொற்றியதாகவே குடும்பம் கருதியது. மகள் 1926இலும் கிளாடிஸ் 1928இலும் மறைந்தனர். மகளின் உடலோடு சென்றபோது இடுகாட்டின் பின்வாசல் வழியே வரச் சொன்ன காவலாளிகளிடம் ஸ்வீட் துப்பாக்கியை நீட்டி முன்வாசலைத் திறக்க வைத்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் பதிவு செய்கின்றனர். வழக்கறிஞராக உயர்ந்த ஹென்றியும் காசநோயால் 1940இல் இறந்தார். ஸ்வீட் அந்த வீட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்து, கடனில் அதை இழந்து, 1960 மார்ச் 20 அன்று துப்பாக்கியால் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

துப்பாக்கியைப் போற்றுவதற்காக நாம் இவ்வரலாற்றைச் சொல்லவில்லை. தோட்டாக்கள் ஓர் இரவு அவ்வீட்டைக் காத்தன. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகள் அவர்களைக் காத்தவை சங்கமும், எளியோர் அனுப்பிய பணமும், கூர்மையான குறுக்கு விசாரணையும், சான்றுகளைக் கேட்க மனமிருந்த ஒரு நீதிபதியும்தான்.

பாண்ட் தீர்ப்பு வந்த அதே 1860இல்தான் இந்தியத் தண்டனைச் சட்டமும் இயற்றப்பட்டது. உடலையும் உடைமையையும் காக்கும் தற்காப்புரிமையை அதன் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் வகுத்தன; இன்று பாரதிய நியாய சம்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் அவ்வுரிமை உள்ளது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 3, ஒருபடி மேலே செல்கிறது. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் தேவையெனில் பிறரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்யவும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கவும் அது இடமளிக்கிறது. அதாவது நம் மக்களின் அச்சம் நியாயமானது என்பதை அரசே எழுத்தில் ஏற்றுக்கொண்டுள்ளது.

தாக்கப்பட்டவர் மீதே எதிர்வழக்குத் தொடுக்கப்பட்டு, அவர் கையிலிருந்த கம்பு சதிக்குச் சான்றாகக் காட்டப்படும்போது, அந்தக் கம்பை எடுக்க வைத்த வரலாற்றைப் பதிவேட்டில் ஏற்றுவது யார் பொறுப்பு? முந்தைய புகார் மனுக்களும், எரிந்த குடிசைகளின் கணக்கும், தடுக்கப்பட்ட பாதையின் வரைபடமும் வழக்குக் கோப்பில் இருக்க வேண்டும். அவற்றைத் திரட்டித் தருவது களத்தில் நிற்போர் கடமை. நீதிமன்றத்தில் நிறுவுவது நம் போன்ற வழக்கறிஞர்களின் கடமை.